அந்தம்மா

நாச்சிமுத்துவின் மூளையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர.

லாரிக்கு ஒதுங்கும்போது பைக் சறுக்கி விழுந்து, தலையின் வலப்பக்கம் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர் அவர். கணபதி பகுதியில் தான் காலமெல்லாம் நடத்திய லேத் பட்டறையில் எந்த மெஷின் எந்த மூலையில் நின்றது என்று கேட்டால் உடனே சொல்வார். பெங்களூரில் இருக்கும் மகன் திருமூர்த்தி போன தடவை வந்தபோது என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பதும் நினைவிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனைவி மயிலாத்தாளைக் காட்டி, இவர் யார் என்று கேட்டால் மட்டும் சங்கடப்படுவார்.

"எம் பொண்டாட்டி சாயலு அப்படியே இருக்குதுங்க. ஆனா அவ இல்லீங்க, இவங்க வேற. நல்ல மனுசி."

அதைக் கேட்டு மயிலாத்தாள் அழுவாள் என்று ஹேமாவதி எதிர்பார்த்தாள். அவளோ மடியில் இருந்த வயர்கூடையைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தாள். ஹேமாவதி பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வு மையத்தில் இணைப் பேராசிரியர். மூளை எப்படி வேலை செய்கிறது என்பது அது பழுதாகும் இடத்தில்தான் தெரியும் என்று வருடா வருடம் புது மாணவர்களிடம் சொல்பவள். பழுதான மூளைக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

திருமூர்த்திக்கு அவள்தான் விளக்கினாள்.

"ஒரு முகத்தைப் பாத்தா உள்ள ரெண்டு வேலை நடக்கும். ஒண்ணு, இது இன்னாருன்னு சொல்லும். இன்னொண்ணு, இது நம்ம ஆளுன்னு உள்ள ஒரு இளக்கத்தைக் கொடுக்கும். உங்க அப்பாவுக்கு முதல் வழி நல்லா இருக்கு. ரெண்டாவது அறுந்துபோச்சு. முகம் மனைவி முகம்தான், ஆனா உள்ள ஒண்ணுமே அசையல. அப்போ மூளை என்ன செய்யும்? இது வேற யாரோன்னு ஒரு காரணம் கட்டிக்கும்."

"அப்ப என்னை மட்டும் எப்படிங்க மேடம் தெரியுது?"

"சில பேருக்கு ரொம்ப நெருங்கினவங்க விஷயத்துல மட்டும் இப்படி ஆகும். எங்க அந்த இளக்கம் அதிகமா இருந்துச்சோ, அது இல்லாமப் போனதும் அங்கதான் பெருசாத் தெரியும்."

திருமூர்த்தி சிரித்துவிட்டான். அப்பாவுக்கா, அம்மா மேலயா என்று கேட்டான். அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கூட அவன் கேட்டதில்லையாம். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, எப்படியாவது அப்பாவைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிடுங்கள் என்று கும்பிட்டான்.

ஆக்கிக் கொடுக்க ஹேமாவதியிடம் ஒரு கருவி இருந்தது. அவளும் அவள் மாணவர்களும் இளமையைத் தொலைத்து உருவாக்கியது. நெற்றியைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டை. அதில் சுண்டைக்காய் அளவு கேமரா. பழக்கிவைத்த முகம் கேமராவில் விழுந்ததும், அறுந்த வழிக்குப் பதிலாகப் பட்டையே மூளைக்குள் மெல்லத் தட்டி அந்த இளக்கத்தை எழுப்பிவிடும். சோதனையில் தேறினால் அதையே சின்னதாக்கி, கேமரா இல்லாமல் மூளையின் பார்வைப் பகுதியிலிருந்தே முகத்தை எடுத்துக்கொள்ளும்படி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் நிரந்தரமாக வைத்துவிடலாம். மனிதர்களில் முதலாவது ஆள் நாச்சிமுத்து. துறைத் தலைவர் அடுத்த மாநாட்டில் அறிவிக்கத் தேதியே குறித்துவிட்டார்.

நாச்சிமுத்துவிடம் சம்மதம் கேட்டபோது அவர் தன் போக்கில் புரிந்துகொண்டார். "எம் பொண்டாட்டியக் கண்டுபுடிச்சுக் குடுக்கற மெஷினுங்களா? போடுங்க, இன்னிக்கே போடுங்க." மனைவி தன்னோடு கோபித்துக்கொண்டு தாராபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், அவள் வரும்வரை சமையலுக்கு மகன் ஏற்பாடு செய்த தூரத்துச் சொந்தம்தான் இந்தம்மா என்று அவர் மூளை கதையை முடித்து வைத்திருந்தது.

முதல் சோதனை அன்று ஆய்வகத்தில் மாணவர்கள் சுவரோரமாக நெருக்கியடித்து நின்றார்கள். பட்டையைக் கட்டி, ஹேமாவதி சாவியைத் திருப்பினாள். நாச்சிமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிரே பார்த்தார். முகம் மாறியது. புருவம் இறங்கி, தாடை இறுகி, தோள் விரிந்து, இன்னொரு மனிதர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

"எங்க போய்த் தொலஞ்ச இத்தன நாளா?"

மாணவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி அழவே செய்தாள். திரையில் கோடுகள் ஹேமாவதி கனவு கண்டபடியே ஏறிக்கொண்டிருந்தன. மயிலாத்தாள் எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, "இங்கதானுங்க இருக்கறேன்" என்றாள்.

அளவெடுத்து முடித்துப் பட்டையை அணைத்தார்கள். நாச்சிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே நின்றவளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"ஏனுங்கம்மா நின்னுட்டிருக்கறீங்க? வயசானவங்க. உக்காருங்க, நான் நிக்கறேன்."

தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். மாணவர்கள் அதைக் கவனிக்கவில்லை, திரையைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஹேமாவதி கவனித்தாள். மயிலாத்தாள் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த விதத்தையும் கவனித்தாள்.

அடுத்த சோதனைக்கு அவர்கள் வரவில்லை. மயிலாத்தாள் போனில் கால்வலி என்றாள், பிறகு உறவில் ஒரு சாவு என்றாள். துறைத் தலைவர் முகத்தைச் சுளிக்கத் தொடங்கினார். ஒரு நாள் சாயங்காலம் ஹேமாவதியே கணபதிக்குப் போனாள்.

பட்டறையை வாடகைக்கு விட்டாயிற்று. அதன் பின்னால் வீடு. நாச்சிமுத்துவின் கட்டில் முன்னறைக்கு வந்திருந்தது. அயல் பெண் இருக்கும் வீட்டில் உள்ளே படுப்பது முறையில்லை என்று அவரே இழுத்துப் போட்டுக்கொண்டாராம். உள்ளறைக் கதவின் உட்புறம் புதுத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. அதுவும் அவர் பொருத்தியதுதான். அந்தம்மா பயமில்லாமல் தூங்கட்டும் என்று. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். தண்ணீர் வேண்டுமானால் சமையலறை நிலைக்கு வெளியே நின்று கேட்டார்.

மயிலாத்தாள் ஹேமாவதிக்குக் காப்பி கொடுத்துவிட்டு, இருங்க அம்மிணி, ஒண்ணு காட்டறேன் என்று கொல்லைப்புறம் துணி துவைக்கும் கல்லருகே அழைத்துப் போனாள். இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து அழுத்தினாள். முன்னறையில் மணி அடிப்பது இங்கேயே கேட்டது.

"ஏனுங்க, நாந்தானுங்க. சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டா என்ன, சாப்புடாட்டி என்ன? உங்கொண்ணன் ஊட்லயே குடியிருந்துக்க. வாறயா, இல்லியா?" பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

ஹேமாவதிக்கு வியப்பில்லை. அறுந்தது கண்ணின் வழி, காதின் வழி இல்லை. முகம் தெரியாத இடத்தில் குரல் தனியாக வந்தால் அவர் மனைவியை அடையாளம் கண்டுகொள்வார். இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான், நோயாளிக்கு ஆறுதலாக இருக்கும் என்று. ஆறுதல் இந்த அழகில் இருந்தது.

அவர்கள் சமையலறைக்குத் திரும்பியதும் நாச்சிமுத்து நிலையருகே வந்து நின்றார்.

"அம்மா, எம் பொண்டாட்டி பேசுனா. கொரலே செரியில்லீங்க. மழ வந்தா அவளுக்குக் காலு வலி வந்துரும். அதக் கேக்கோணும்னுதான் போனை எடுத்தேன். வாயில வேற வந்துருது."

"அடுத்தவாட்டி கேட்டுக்கலாமுங்க" என்றாள் மயிலாத்தாள்.

அவர் தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினார். தாராபுரம் பஸ்ஸில் வருகிறவர்கள் பஸ் மாறி அங்கேதான் இறங்குவார்கள். தினமும் இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு வருவாராம்.

அவர் தெருமுனை தாண்டியதும் மயிலாத்தாள் அடுப்பைத் தணித்துவிட்டுப் பேசினாள். அவர்களுக்கு மூத்தது ஒரு பெண். சிவகாமி. ஓடி விளையாடுகிற வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். எழவு வீட்டில் இத்தனை பேருக்கு முன்னால், ஒரு புள்ளையப் பாத்துக்கத் துப்பில்ல என்று நாச்சிமுத்து மனைவியைச் சொன்னார். அதோடு சரி. அந்தப் பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழவேயில்லை. திருமூர்த்திக்குத் தனக்கு ஒரு அக்கா இருந்ததே போட்டோவில்தான் தெரியும்.

"போன மாசம் ஒரு நாளு, நீங்க இப்பப் பாத்தீங்களே அதே எடத்துல நின்னு சொன்னாருங்க." மயிலாத்தாளின் குரல் சமையல் குறிப்பு சொல்வது போல அமைதியாக இருந்தது. "'காச்சல்னு அவ மொத நாளே சொன்னாளுங்கம்மா. ஆர்டர் முடிக்கோணும், நாளைக்குப் பாக்கலாம்னு சொன்னது நானு. பழிய அவ தலையில போட்டுட்டேன். அவளப் பாத்தீங்கன்னா சொல்லிருங்க, அவ மேல தப்பில்லைன்னு. எனக்கு வாயி வராது'ன்னாரு."

ஹேமாவதி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தலையில மண்ணள்ளிப் போட்டுட்டுப் போன சொல்லு அதுங்க. எத்தன வருசம். நானே கொன்னேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இப்ப ஒருத்தரு வந்து, நீ இல்லைங்கறாரு. அதையும் எங்கிட்டச் சொல்லல, யாரோ ஒருத்திகிட்டச் சொல்றாரு. அந்த யாரோ ஒருத்தியா இருந்தா எனக்கு மரியாத இருக்குது. நின்னா உக்காருங்கங்கறாரு. சாப்ட்டீங்களாங்கறாரு. உங்க பட்டையக் கட்டுனா இந்த மனுசன் போயிருவாரு அம்மிணி."

அந்தச் சமையலறையில் ஹேமாவதிக்கு வெட்கமாக இருந்தது. அடையாளம் தெரிந்தால் குணமாகிவிட்டது என்று அவள் எழுதிய கட்டுரைகள் எத்தனையோ. அடையாளம் தெரிந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு கட்டுரையிலும் ஒரு வரி இல்லை. கணவன், மகன், துறைத் தலைவர், மாநாடு என்று எல்லோருக்கும் வேண்டியதைக் கேட்டவள், மயிலாத்தாளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள்: வாரத்துக்கு எந்த நாள் வரமுடியும்?

தன்னாலான ஒரு வழியைச் சொன்னாள். நிரந்தரக் கருவியிலும் ஒரு ஸ்விட்ச் வைக்கலாம். அதை மயிலாத்தாள் கையிலேயே கொடுத்துவிடலாம். அவர் மனைவியைத் தேடித் தவிக்கும்போது போட்டுக்கொள்ளலாம், மற்ற நேரம் அணைத்துவிடலாம். சொல்லும்போது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

மயிலாத்தாள் காப்பி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். "வேண்டாங்க. ஸ்விட்ச்சு எங்கையில இருந்தா நான் அணைச்சே வெச்சிருவேன்."

மாரியம்மன் கோயில் நோம்பி முடியட்டும், சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். ஹேமாவதி மையத்துக்குத் திரும்பி, நோயாளிக்கு உடல்நிலை சரியில்லை, தள்ளிப்போடுவோம் என்று துறைத் தலைவரிடம் கூசாமல் பொய் சொன்னாள். அவர் எரிந்து விழுந்தார். விழட்டும் என்று இருந்துவிட்டாள்.

நோம்பிக்கு முன்பே விஷயம் முற்றிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்று சலித்த நாச்சிமுத்து, ஒரு நாள் தானே பஸ் ஏறித் தாராபுரம் போய்விட்டார். மச்சான் வீட்டு வாசலில் நின்று, தப்பு என்னுதுதான், அவள அனுப்பி வையுங்க என்று கேட்டிருக்கிறார். அவர்கள் என்ன சொல்வார்கள்? மயிலா உங்க ஊட்லதான மாப்ள இருக்கறா என்றார்கள். அவர் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார், மாட்டுச்சாளைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். பிறகு பஸ் ஏறித் திரும்பினார்.

வீட்டுக்கு வந்தவர் நிலையருகே நின்று மயிலாத்தாளிடம் கேட்டார். "எல்லாருமாச் சேந்து மறைக்கறீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அவ செத்துட்டாளுங்களா?"

இல்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கொல்லைக்கு ஓடிப் போன் செய்தாள். அவர் எடுத்தார், கேட்டார், வைத்துவிட்டார். செத்தவர்களின் குரலில் மெஷின் பேசுகிறது என்று பேப்பரில் படித்திருக்கிறாராம். மகன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், அவனுக்கு இதெல்லாம் பெரிய காரியமா என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நாலைந்து வாய் வற்புறுத்தி ஊட்டினால், மரியாதைக்காக விழுங்கினார். பொண்டாட்டி செத்தவன் மீசையோடு இருக்கக்கூடாது என்று மீசையை மழித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

மயிலாத்தாள் தனியாக ஆய்வு மையத்துக்கு வந்தாள். ஹேமாவதியின் அறையில் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"வெச்சிருங்க அம்மிணி. நெரந்தரமாவே வெச்சிருங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருக்க, எனக்கே அவரு எழவு காக்கறாரு. அவரு தேடற ஆளு நாந்தானுங்களே. கெடைக்காமப் போயிரக்கூடாது."

"அப்புறம் அவர் எப்படி இருப்பார்னு உங்களுக்குத் தெரியும் இல்லையாம்மா?"

"தெரியாமயா. அவரோட குடித்தனம் பண்ணுனவ நானு."

ஹேமாவதி தன்னால் சொல்ல முடிந்ததையெல்லாம் சொன்னாள். பழைய கோபம் வரும், பழைய பேச்சு வரும். இந்த மாதங்களின் ஞாபகமும் அழியாது. ஆனால் அந்தம்மா வேறு ஒருத்தியாகவே அவர் நினைவில் இருப்பாள், இருவரும் ஒருத்திதான் என்று அவருக்குப் புரியவைக்கவே முடியாது போகலாம். மயிலாத்தாள் கேட்டுக்கொண்டாள். கூடையிலிருந்து பொங்கல் பிரசாதத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தம்மா கேட்டுக்கொண்டதற்காக நாச்சிமுத்து மறுக்காமல் வந்து படுத்தார், அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரிக்கும் நாளில் துறைத் தலைவர் கேமராக்காரரோடு வந்து நின்றார். ஹேமாவதி அவரை உள்ளே விடவில்லை. நோயாளி பதறிவிடுவார் என்று ஒரு காரணம் சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே அவளும், நாச்சிமுத்துவும், திருமூர்த்தியும், மயிலாத்தாளும்தான். நாச்சிமுத்துவின் முகம் மீசையில்லாமல் இளைத்துக் கிடந்தது. கருவி உயிர் பெற்றதும் அவர் திரும்பினார்.

வெகுநேரம் பார்த்தார். கை கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை கண்ணில் நீர் நிறைந்துவிட்டது, வழியத்தான் அவர் விடவில்லை.

ஹேமாவதி கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டாள். "ஐயா, இவங்க யாரு?"

"எம் பொண்டாட்டி. வேற யாரு?" என்று ஹேமாவதி பக்கம் திரும்பாமலே எரிச்சலோடு சொன்னார். பிறகு மனைவியிடம், "செத்துட்டயோன்னு நெனச்சேன். சொல்லாமக் கொள்ளாம எங்க போய்த் தொலஞ்ச? மனுசனுக்கு ஒரு வெவரம் சொல்லோணும்னு தோணாதா? அறிவிருக்குதா?"

"தப்புத்தானுங்க" என்றாள் மயிலாத்தாள்.

திருமூர்த்தி அழுதுகொண்டே சிரித்தான். அப்பா வந்துட்டாரு என்று எல்லோருக்கும் போன் செய்ய வெளியே ஓடினான். நாச்சிமுத்து தண்ணி என்றார். அவள் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரை அவள் பக்கம் நீட்டினார், பார்க்காமலே. அவள் வாங்கிக்கொண்டாள்.

ஹேமாவதி திரைக்கு முன்னால் உட்கார்ந்து எண்களைப் பார்ப்பதுபோல் இருந்தாள். கோடுகள் எல்லாம் மிக அழகாக இருந்தன. அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது.

"அந்தம்மா எங்க?" என்றார் நாச்சிமுத்து.

மயிலாத்தாளின் கை டம்ளரோடு நின்றது. "எந்தம்மாங்க?"

"ஊட்ல சோறாக்கிப் போட்டாங்களே. உன்னய மாதிரியே இருப்பாங்க."

"அவங்க ஊருக்குப் போயிட்டாங்க."

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்." அவர் மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினார். ஏதோ கேட்க வாயெடுத்து, தொண்டையைச் செருமி, விட்டுவிட்டார். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவங்ககிட்ட ஒண்ணு சொல்லியனுப்பிச்சேன், உங்கிட்டச் சொல்லச் சொல்லி. சிவகாமி விசயம். சொன்னாங்களா?"

அந்தப் பெயரை அவர் தன்னிடம் சொல்லிக் கேட்டு மயிலாத்தாளுக்கு ஒரு வாழ்நாள் ஆகியிருந்தது.

"சொன்னாங்க."

"பூராவும் சொன்னாங்களா?"

"பூராவும் சொன்னாங்க."

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். தூக்கிவந்த சுமையை இறக்கி வைத்தவர் போலத் தலையணையில் சாய்ந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசப் போவதில்லை என்பது அங்கிருந்த இரண்டு பெண்களுக்கும் தெரிந்தது.

"நல்ல மனுசி" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

"ஆமாங்க" என்றாள் மயிலாத்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சற்றுத் தயங்கி, ஹேமாவதி காட்டாமலேயே அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.